ஸ்லைடு ஓரத்தில் ஒரு துணுக்கு

டீக்கடைக்காரர் பால் இல்லை என்று சொன்னால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பேசாமல் திரும்பி வந்துவிடுவோம். எங்கள் லேப் அக்கா வர மாட்டார்.

“இல்லையா, இன்னும் வரலையா?” என்று அங்கேயே நின்று கேட்பார்.

“பால்காரர் வரலைங்க.”

“அப்ப வரலைன்னு சொல்லுங்கண்ணே. இல்லைன்னு ஏன் சொல்றீங்க?”

பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். ரெண்டும் ஒன்றுதானே, எப்படியும் டீ கிடையாது, இதில் என்ன வியாக்கியானம் வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுப்பேன். அக்கா காதில் வாங்க மாட்டார். கடை வாசலிலேயே பத்து நிமிஷம் நிற்பார். பால் வரும். சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே லேப்புக்குள் போய்விடுவார். ஒரு பார்வை பார்த்திருந்தாலாவது நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கிற லேப் சின்னது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுக்கிற சதையை பாட்டிலில் போட்டு இங்கே அனுப்புவார்கள். அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, வெங்காயத் தோலை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுகிற டாக்டர் மேடம் திருச்சியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருவார். சீவுவது, ஒட்டுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் அக்கா. நான் வாசலில் உட்கார்ந்து பாட்டில் வாங்கிப் போடுகிறவள்.

அக்கா சீவும்போது ஃபேன் ஓடக் கூடாது. மூச்சுக்கூடப் பலமாக விடக் கூடாது, சீவல் பறந்துவிடும். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. அக்கா மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஸ்லைடில் பேர் ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பேரை வாய்விட்டு மூன்று தடவை சொல்வார். பேர் மாறினால் ஒருத்தியின் நோய் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடுமே என்ற பயம். வெளியே இருக்கிற எனக்கு உள்ளே ஏதோ அர்ச்சனை நடக்கிற மாதிரி கேட்கும். மூன்று தடவை சொன்ன பேரை அதற்கப்புறம் வெளியே எங்கேயும் சொல்ல மாட்டார். கடைத்தெருவில் அந்த மனுஷியே எதிரே வந்து நின்றாலும் தெரியாத மாதிரிதான் போவார்.

நான் அவரை முதலில் பார்த்தது வேலைக்கு வந்தபோது இல்லை. மாமியாருடைய கர்ப்பப்பையை பாட்டிலில் தூக்கிக்கொண்டு வந்த மருமகளாகத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அறந்தாங்கியில் நானும் அத்தையும்தான். எங்களுக்குள் ஒத்துப்போகாது என்பது தெருவுக்கே தெரியும். குழம்பில் உப்பு, வாசலில் கோலம், அவர் குவைத்திலிருந்து போன் செய்தால் முதலில் யார் எடுப்பது, எல்லாவற்றுக்கும் சண்டை. அத்தைக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. மாதவிலக்கு நின்று பத்து வருஷம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டிருக்கிறது. மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. துணி ஊற வைக்கப் போனபோது நான்தான் பார்த்தேன். தரதரவென்று இழுக்காத குறையாக நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன்.

கொஞ்சம் சதையைச் சுரண்டி எடுத்து டெஸ்டுக்காக இந்த லேப்புக்கு அவர்களே அனுப்பினார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் கேன்சர் என்று வந்தது. அப்புறம் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையையே எடுத்தார்கள். எடுத்ததை இதே லேப்புக்கு அனுப்பி, மார்க்கர் என்று ஒரு டெஸ்டும் பார்த்த பிறகுதான், இத்தோடு விட்டுவிடலாமா, மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்டும் வைக்க வேண்டுமா என்று சொல்ல முடியும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

அத்தை படுத்த படுக்கையிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். “கத்தி வச்சாச்சுல்ல, அதோட சரி. மருந்து கிருந்து ஏத்தணும்னா என்னைய விட்ருங்க. அடுத்த தெரு சரசு பட்ட பாட்ட நான் பாத்துட்டேன். நான் வர மாட்டேன்.”

அத்தை சொன்னால் சொன்னதுதான். மார்க்கர் மோசமாக வந்தால், மருந்தும் வேண்டாம் என்று வீட்டில் படுத்துக்கொள்வார். அவருடைய உயிரே அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அப்படிப்பட்ட பாட்டிலைத்தான் சனிக்கிழமை மத்தியானம் என் கையில் கொடுத்தார்கள். “மூடியத் தொறக்காதீங்க, நேரா லேப்புல குடுத்துருங்க” என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் கூட்டம். எப்படியோ மூடி நெகிழ்ந்து, சதை கெடாமலிருக்க உள்ளே ஊற்றியிருந்த ஃபார்மலின் மருந்து கசிய ஆரம்பித்தது. அது என்ன எரிச்சல், சாமி! கண்ணைத் திறக்க முடியவில்லை. முன் சீட்டில் ஒரு கைக்குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. “என்னம்மா, ஆசிட்டா? எறங்கு, எறங்கு” என்று கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நடு ரோட்டில் கருவேல மரத்தடியில் நான், என் கையில் பாட்டில். அடுத்த பஸ் தூரத்தில் வருகிறது. இந்த நாற்றத்தோடு அவனும் ஏற்ற மாட்டான். மிச்சமிருந்த ஃபார்மலினை மரத்தடியில் கொட்டினேன். சதை காய்ந்துபோகக் கூடாது என்று பையில் இருந்த குடிதண்ணியை ஊற்றி மூடினேன். என் மூளை அவ்வளவுதான்.

வந்து சேர்ந்தால் லேப் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு. வல்லத்திராக்கோட்டையில் என் அம்மா வீடு இருக்கிறது. அங்கே போய் பாட்டிலைப் பரணில் வைத்தேன். “என்னடி இது வெறும் தண்ணி மாதிரி இருக்கு?” என்று அம்மா கேட்டார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் பாட்டிலை வாங்கினவர் அக்கா. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

“வாசனையே இல்லையே. வழியில கொட்டிருச்சா?”

“இல்லைங்க. ஒண்ணும் இல்ல.”

பொய் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. வேறென்ன செய்ய? மாமியாரின் கர்ப்பப்பையைப் பச்சைத் தண்ணியில் போட்டவள் என்று தெரிந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். புது ஃபார்மலினை ஊற்றி உள்ளே எடுத்துப் போனார்.

அந்த மார்க்கர் என்றால் என்ன என்பதை நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். செல்லுக்குள் பி-53 என்று ஒரு புரதம் இருக்கிறதாம். அதற்கென்று உள்ள சாயத்தை ஏற்றினால், ஒழுங்கான செல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு பிடிக்கும், மற்றதெல்லாம் நீலமாக இருக்கும். கட்டியில் உள்ள எல்லாச் செல்லும் கருகருவென்று பழுப்பானால் கெட்டது. ஒன்றில்கூடப் பழுப்பு இல்லாமல் வெறும் நீலமாக இருந்தாலும் கெட்டது. ரெண்டும் முரட்டு வகை, திரும்பி வரப் பார்க்கும். நடுவாந்திரமாக இருந்தால் சாது. இப்படி ஏழெட்டுச் சாயம் இருந்தாலும், கர்ப்பப்பைக்காரர்களின் தலையெழுத்தை அதிகம் மாற்றுகிறது இந்தச் சாயம்தான்.

அத்தையின் ஸ்லைடு வெறும் நீலமாக இருந்தது.

ரிசல்ட் வாங்குவதற்காக நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. மேடம் கெட்டிக்காரர்தான், குற்றம் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர் முன்னால் ஸ்லைடு மலை மாதிரி குவிந்திருந்தது. “கட்டியில பழுப்பே இல்ல. மோசமான டைப்” என்று பேனாவை எடுத்தார்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றார் அக்கா. “பக்கத்துல இருக்குற நல்ல செல்லப் பாருங்க. அதுலயும் ஒரு பொட்டு பழுப்பு இல்லையே.”

“சாயம் சரியா ஏறலையோ?”

“ஓரத்துல வச்ச கண்ட்ரோல் துண்டுல நல்லா ஏறியிருக்கு. சாயத்துல கோளாறு இல்ல, மேடம். சதையிலதான் இருக்கு. இது இல்லைங்கறது இல்ல. தெரியலைங்கறது.”

மேடம் மறுபடி குனிந்து பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். அக்கா வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க. இல்லையா, சொல்லலையா?”

அவ்வளவுதான். பொலபொலவென்று அழுதுவிட்டேன். கண்டக்டர், கருவேல மரம், குடிதண்ணி, பரண், எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நல்ல வேளை, இப்பவாச்சும் சொன்னீங்க” என்றார்.

“எங்க அத்தைக்குத் தெரிய வேணாங்க.”

“யாரு ஊத்துனாங்கறது எனக்கு எதுக்கு? தண்ணியில எவ்வளவு நேரம் இருந்துச்சு, அத மட்டும் சரியாச் சொல்லுங்க.”

ஃபார்மலினில் இல்லாத சதை உள்ளுக்குள்ளேயே கெட ஆரம்பித்துவிடும், அதில் புரதம் இருந்தாலும் சாயத்துக்குத் தெரியாது என்று விளக்கினார். முதலில் சுரண்டி எடுத்த துணுக்கு அன்றைக்கே ஒழுங்காக ஃபார்மலினில் விழுந்தது. அதன் மெழுகுக் கட்டி லேப் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அக்கா அதை எடுத்து மறுபடி சீவினார். மூன்று நாள் ஆகும் என்றார். அந்த மூன்று நாளும் நான் அத்தையோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை. அத்தைக்கே சந்தேகம் வந்து, “என்னடி, நான் சாகப் போறேன்னு டாக்டர் சொல்லிட்டாரா?” என்று கேட்டார்.

நான்காம் நாள் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புப் பொட்டுகள். சாது வகை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோயும் ஆழமாக இறங்கவில்லை, மருந்தும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், தவறாமல் செக்கப்புக்கு வந்தால் போதும் என்று நர்சிங் ஹோமில் சொல்லிவிட்டார்கள். “நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்றார் அத்தை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் சிரித்துவிட்டேன்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்றைக்குத்தான் அக்கா கேட்டார். “பாட்டில் வாங்கி வைக்கிற எடத்துக்கு ஆள் தேடுறோம். வாரீங்களா?”

“நானா? நான் செஞ்ச காரியத்துக்கா?”

“அதுக்குத்தான்.”

இப்போது என் மூக்கை ஏமாற்ற ஒருத்தராலும் முடியாது. மூடியைத் திறந்ததும், “தண்ணி ஊத்துனீங்களா?” என்று கேட்டுவிடுவேன். இல்லை என்பார்கள். “நானும் ஊத்துனவதான், பயப்படாமச் சொல்லுங்க” என்றால் சொல்லிவிடுவார்கள். இந்த ஜில்லாவில் என்னை மாதிரி எத்தனை பேர் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

கூட வேலை பார்ப்பது ஒன்றும் லேசு இல்லை. ஒரு தடவை என் வீட்டுக்காரர் நான்கு நாள் போன் செய்யவில்லை. மறந்துட்டார், அங்கே எவளையோ பார்த்துட்டார் என்று காலையிலிருந்து பொருமிக்கொண்டிருந்தேன்.

“கூப்புடலையா, கூப்புட முடியலையா?”

“அக்கா, ஒங்க சாயக் கதைய என் புருஷன்கிட்ட காட்டாதீங்க. சில சமயம் இல்லைன்னா இல்லைதான்.”

“ஆமா, சில சமயம் இல்லைதான். ஆனா பாத்துட்டுச் சொல்லணும்.”

அவரோடு வேலை பார்க்கிறவரின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். இவருடைய போன் தண்ணித் தொட்டியில் விழுந்து செத்துக் கிடந்ததாம். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆனது. சொன்னபோதும், “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீவப் போய்விட்டார். ஜெயித்த முகம் காட்டத் தெரியாதவரோடு சண்டை போட்டு என்ன பிரயோஜனம்?

ஆவூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தது எனக்கு மறக்காது. அவர் மனைவிக்கும் இதே நோய். ஸ்லைடு முழுக்கக் கருகருவென்று ஏறியிருந்தது. கையில் ஜெபமாலையோடு என் மேஜை முன்னால் நின்று, “எத்தனை மாசம்னு சொல்லிருங்கம்மா. புள்ளைகள்ட்ட சொல்லணும்” என்று கேட்டார். நான் உள்ளே திரும்பி அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

“இது எந்த மருந்து குடுக்கணும்னு சொல்றதுங்க. இந்த மாதிரி சாயம் ஏறுன நிறையப் பேருக்கு நோய் திரும்பி வந்துச்சு, அதனால மருந்த விட்றாதீங்கன்னு சொல்லுது. ஒங்க வீட்டம்மாவுக்கு எத்தனை நாளுன்னு இதுல எழுதல. எழுதாதத நான் எப்படிப் படிக்கிறது?”

அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்துச் சீட்டோடு கிளம்பினார். ஆறுதலுக்காகச் சொன்னார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

கண்ட்ரோல் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, எல்லா ஸ்லைடிலும் ஓரத்தில், நிச்சயமாகச் சாயம் ஏறும் என்று தெரிந்த இன்னொருவரின் சதைத் துணுக்கையும் ஒட்டுவார்கள். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அது பழுப்பானால்தான் மற்றதை நம்பலாம். எங்கள் லேப்பில் அந்தத் துணுக்கு எப்போதும் கன்னங்கரேலென்று ஏறும். அதன் மெழுகுக் கட்டியில் பேர் கிடையாது, நம்பர் கிடையாது, “கண்ட்ரோல்” என்று மட்டும் எழுதியிருக்கும். எல்லாருடைய பேரையும் மூன்று தடவை சொல்கிறவர் இதற்கு மட்டும் வாயே திறக்க மாட்டார்.

“இது யாரோடதுக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பழசு. சாயம் நல்லாப் பிடிக்கும். நீ போயி பாட்டிலப் பாரு.”

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆனபோது அக்காவுக்கு இருமல் வந்தது. சீவும்போது மூச்சைப் பிடிக்க முடியவில்லை. சீவல் ரெண்டு தடவை பறந்தது. மூன்றாம் தடவை பறந்தபோது மெஷினைத் துடைத்து மூடிவிட்டு, மேடத்திடம் போய் வேறு ஆள் பார்க்கச் சொன்னார். அப்புறம் மதுரைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாலு மாதத்தில் செய்தி வந்தது. கேட்ட அன்றைக்கு நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அத்தையைப் பிழைக்க வைத்தவர், என்னை மனுஷியாக்கியவர், போய்விட்டார்.

அது வெறும் இருமல் இல்லை, பழைய நோய் திரும்பி வந்தது என்று மேடம் அன்றைக்குத்தான் சொன்னார். நான் அந்த லேப் வாசலை மிதிப்பதற்கு நாலு வருஷம் முன்னாலேயே அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கேன்சர். மதுரையில் ஆபரேஷன், மருந்து, கரண்டு, எல்லாம் ஆகியிருக்கிறது. வேலைக்குத் திரும்பி வந்த அன்றைக்குத் தன்னுடைய மெழுகுக் கட்டியை அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுவந்தாராம். பி-53 எல்லாச் செல்லிலும் கருகருவென்று ஏறும் கட்டி. “ரொம்ப மோசமான டைப். அதனாலதான் கண்ட்ரோலுக்கு இத விட நல்லது கிடைக்காது, மேடம், வச்சுக்கோங்கன்னு சொன்னாங்க” என்றார் மேடம்.

ஒன்பது வருஷம். ஒவ்வொரு ஸ்லைடிலும் முதலில் தன்னுடைய நோயைத்தான் பார்த்திருக்கிறார், அது கறுத்திருக்கிறதா என்று. கறுத்திருந்தால் சரி என்று அடுத்தவளின் துணுக்குக்கு நகர்ந்திருக்கிறார். ஆவூர்க்காரருக்குச் சொன்னது ஆறுதல் வார்த்தை இல்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு நான் புருஷன் போன் செய்யவில்லை என்று புலம்பியிருக்கிறேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அந்தக் கட்டி இன்னும் எட்டு மாதத்துக்கு வந்தது. நார்த்தாமலை, அறந்தாங்கி, எங்கிருந்து எவளுடைய துணுக்கு வந்தாலும் ஓரத்தில் அக்கா இருந்தார். அப்புறம் கட்டி தீர்ந்துபோய், வேறு கண்ட்ரோல் வாங்கினார்கள்.

போன மாதம் அத்தையை ஆறாவது வருஷச் செக்கப்புக்குக் கூட்டி வந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். லேப்பைப் பார்க்க வேண்டும் என்று அத்தை அடம்பிடித்தார். மேடத்திடம் கேட்டு, அவருடைய பழைய ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அதை வைத்த கையோடு, இனியும் மறைக்கக் கூடாது என்று தண்ணி ஊற்றின கதையையும் சொல்லிவிட்டேன்.

“தெரியும்டி” என்றார் அத்தை, குனிந்த தலையை நிமிர்த்தாமல். “ஒங்கம்மா அந்த மாசமே சொல்லிட்டாங்க. நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சத்தியம் வாங்கினேனே, அந்த அழகு! ஆறு வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார் இந்த மனுஷி. நான் பதில் சொல்வதற்குள் அவரே கேட்டார்.

“என்னோடது பொட்டு பொட்டா இருக்கு. ஓரத்துல இப்புடிக் கறுத்துக் கெடக்கே, இது யாரோடது?”

சொன்னேன். அத்தை கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் புள்ள பேரு என்ன? சாமி கும்புடுறப்ப சொல்லணும்.”

தன்னுடைய கட்டியில் அக்கா தன் பேரை எழுதவில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை. அத்தையின் காதில் மட்டும் சொன்னேன். மறந்துவிடக் கூடாது என்று அத்தை அதை வாய்விட்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.